அரட்டைக்கு வந்தவர்களும் வராதவர்களும்



ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கைப்பேசிக் கடையில் நின்றிருந்தேன். ரீசார்ஜ் செய்ய வந்த வயதான தாயார் ஒருவர் கடைப்பையனிடம், "தம்பி, என் பேரன் பெங்களூரிலிருந்து அரட்டைக்கு வா, அரட்டைக்கு வா என்று தினமும் கூப்பிடுகிறான். இந்த வயதில் நான் எங்கே போய் அரட்டை அடிப்பது?" என்று கேட்டார். கடையில் இருந்த யாவரும் நகைத்துவிட்டோம். பையன் மாத்திரம் நகைக்கவில்லை. "ஆயா, போனைக் கொடுங்க" என்று வாங்கி, இரண்டு நிமிடத்தில் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

இது நடந்தது 2025 அக்டோபரில். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் 'அரட்டை' என்னும் செயலியின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் அதை 2021 ஜனவரியிலேயே வெளியிட்டிருந்தது. நான்கரை ஆண்டுகள் அதைக் கேட்பாரில்லை. பின்பு 2025 செப்டம்பர் இறுதியில், மூன்றே நாட்களில், நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் 3,50,000 பேர் சேர ஆரம்பித்தார்கள் என்று அந்நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். உள்நாட்டுப் பொருட்களைப் பயன்படுத்துங்கள் என்று மத்திய அமைச்சர்கள் கேட்டுக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். அந்த வேகம் நீடிக்கவில்லை. வந்தவர்களில் பலர் ஏற்றி வைத்ததோடு நின்றுவிட்டார்கள்.

எனினும் நம் வீடுகளில் அது எழுப்பிய கேள்விகள் நின்றுவிடவில்லை. ஆகவே சில வாரங்களாக, கண்டவர்களிடமெல்லாம் இதைப்பற்றிக் கேட்டு வந்தேன். அவர்கள் சொன்னவற்றையே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலாவது பெயர். விசுவாசிகளிடையே இதுவே பெரிய தடையாயிற்று. வீண் பேச்சு என்று பிரசங்கத்தில் நாம் கடிந்துகொள்ளும் காரியத்தின் பெயரையே வைத்திருக்கிறார்களே, இதில் ஜெபக்குழுவை எப்படி வைப்பது என்று ஒரு சகோதரி மெய்யாகவே வருத்தத்துடன் கேட்டார். கன்னடத்திலும் 'ஹரட்டெ' என்றால் இதே பொருள்தான். அவருடைய அடுத்த வீட்டார் கன்னடர் ஆனபடியால் அவர்களிடமும் விளக்க வேண்டியதாயிற்று. நான் அவருக்கு ஒன்றை நினைப்பூட்டினேன். 2004 ஜனவரியில் ஆர்குட் வந்தபோது, ஒருவரைப்பற்றி மற்றவர் நற்சான்று எழுதும் பகுதிக்கு 'டெஸ்டிமோனியல்' என்று பெயர். அதைச் 'சாட்சி' என்று மொழிபெயர்த்துக்கொண்டு, உள்ளே சினிமாப் பாட்டைக் கண்டு திகைத்த வாலிபர்கள் நம்மில் உண்டு. பெயரில் இருப்பது உள்ளே இருப்பதில்லை.

இரண்டாவது, அதில் என்ன இருக்கிறது என்பது. செய்தி, குரல் அழைப்பு, காணொளி அழைப்பு, குழுக்கள், பலருக்கு ஒரே நேரத்தில் அறிவிக்கும் சேனல்கள், ஒரு நாளில் மறையும் ஸ்டோரிகள், பலர் கூடும் மீட்டிங், நமக்கு நாமே படங்களையும் குறிப்புகளையும் போட்டு வைக்க 'பாக்கெட்' என்று ஒரு பெட்டி. எல்லாம் ஒரே கூரையின் கீழ். பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று வரும் ஒரு சகோதரன் இதை மிகவும் பாராட்டினார். சனிக்கிழமை மாலை வீட்டுக்கூட்டத்திற்குப் பணி நிமித்தம் வர இயலாத நான்கு பேர் தனியாக வேறொரு மென்பொருளைத் தேடாமல் இதிலேயே சேர்ந்துகொள்கிறார்களாம். பழைய போனிலும், சிக்னல் குறைந்த இடத்திலும் ஓடுகிறது என்றும் சொன்னார். மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வரை அந்தப் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு இந்தப் பாராட்டின் அருமை தெரியும்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையோ ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். "அங்கிள், அது சாலை போட்டு, தண்ணீர்க் குழாய் போட்டு, ஒருவரும் குடிவராத லேஅவுட் மாதிரி இருக்கிறது." தையல் தொழில் செய்யும் சகோதரி ஒருவரும் இதையே வேறு விதமாய்ச் சொன்னார். அவர் தைத்த ஜாக்கெட்டுகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது. வாடிக்கையாளர் இல்லாத தெருவில் கடையை மாற்றினால் யார் வருவார்கள் என்று கேட்டார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் எதிர்பாராத கருத்து ஒன்று சாம்பியன் ரீஃபில் வசிக்கும் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவரிடமிருந்து வந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். பேரப்பிள்ளைகளில் இருவர் கன்னட வழியிலும் மற்றவர்கள் ஆங்கில வழியிலும் படித்தவர்கள்; அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் எழுத்து மூன்று, பேச்சு ஒன்று. ஆகவே குரலைப் பதிந்து அனுப்பும் வசதி எதில் உண்டோ அது அவருக்குப் போதும். "எனக்கு எந்தக் கம்பெனியாயிருந்தாலும் சரி ஐயா, பட்டன் பெரிதாய் இருக்க வேண்டும்" என்றார்.

இந்த ஊரில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கனமாயிருக்கிறது என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சற்றுச் சொல்ல வேண்டும். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியால் நடத்தப்பட்டு, பிற்காலத்தில் அரசுடைமையான தங்கச் சுரங்கம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதுவரை ஒரே லைனில், சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள், அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூர், ஓசூர், சென்னை, வளைகுடா என்று பிரிந்தார்கள். முன்பு சுவரைத் தட்டினால் மறுபக்கம் பதில் வரும். அந்தச் சுவர் போனபோது அதன் இடத்தில் வந்தது எஸ்.டி.டி. பூத், பின்பு நெட் சென்டரில் யாஹூ மெசஞ்சர், பின்பு ஆர்குட், நோக்கியா போனில் நிம்பஸ், அதன்பின் வாட்ஸ்அப். யாஹூவிலும் கூகுளிலும் எம்.எஸ்.என்.னிலும் இருந்த நண்பர்கள் அனைவரையும் நிம்பஸ் ஒரே பட்டியலில் காட்டியதை இப்போது எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் ஓய்ந்தது. நம் நாட்டிலேயே 2012இல் பிறந்து கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஹைக் 2021 ஜனவரியில் நின்றது. அரட்டையின் வெளியீடும் அதே மாதம்தான். ஒவ்வொன்று மூடப்பட்டபோதும் சில கடிதங்களும் சில முகங்களும் நம்மிடமிருந்து போயின. அவற்றைப் பத்திரப்படுத்த அவகாசம் கொடுத்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அதைச் செய்யவில்லை.

இனி எங்கள் உறவில் நடந்த ஒரு காரியம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். அந்த வீட்டாரே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பேரன் ஒருவன் உற்சாகத்தில் குடும்பக் குழுவைப் புதிய செயலிக்கு மாற்றினான். பாதிப்பேர் போனார்கள், பாதிப்பேர் போகவில்லை. பழைய குழுவும் மூடப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வீட்டுப் பெரியவர் இரவு இரண்டு மணிக்கு நித்திரையடைந்தார். செய்தி இரண்டு குழுக்களில் ஒன்றில் மட்டும் இடப்பட்டது. இருபத்தைந்து பேர் வாசித்ததாக அடையாளம் காட்டிற்று. ஆகவே எல்லாருக்கும் தெரியும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். கிருஷ்ணராஜபுரத்தில் இருந்த இரண்டாவது மகள் அந்தக் குழுவில் இல்லை. மதியம் ஒரு மணிக்கு வேறொரு காரியமாக அவள் தம்பிக்கு போன் செய்தபோதுதான் அறிந்தாள். பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

குற்றம் எந்தச் செயலியுடையதும் அன்று. ஒருவரும் அவளுக்கு ஒரு போன் செய்யவில்லை, அவ்வளவுதான். அவள் தம்பி இன்றும் அதைச் சொல்லி அழுகிறான்.

அடுத்ததாக இரகசியம். படித்த வாலிபர்கள் அரட்டையைப்பற்றிச் சொன்ன குறை பெரும்பாலும் இதுவே, அது நியாயமான குறையாகவும் இருந்தது. தபாலில் கடிதம் போடுகிறோம். உறையை ஒட்டி அனுப்புவது ஒரு பாதுகாப்பு. ஆனால் தபால் நிலையத்தில் இருப்பவர் நினைத்தால் பிரிக்கலாம். அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் மட்டுமே சாவி உள்ள பெட்டியில் வைத்து அனுப்புவது வேறு. நடுவில் உள்ளவர் நினைத்தாலும் திறக்க முடியாது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இந்த இரண்டாவது முறைக்கு முழுவதும் மாறிற்று. அரட்டையில் அழைப்புகளுக்கு அது இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இயல்பாக இல்லை. இருவர் தனியே எழுதிக்கொள்ளும் செய்திகளுக்கு 2025 நவம்பரில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். மறுபுறம், பெட்டிக்குள் இருப்பதை வாட்ஸ்அப் பார்க்காவிட்டாலும், யார் யாருக்கு எப்போது பெட்டி அனுப்பினார் என்பது அதற்குத் தெரியும். 2021 ஜனவரியில் அதன் புதிய விதிமுறைகளைக் கண்டு பலர் கலங்கியதும் இதுபோன்ற விவரங்கள் தாய்க் கம்பெனியோடு பகிரப்படுவதைப்பற்றியே.

ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு ஜெபக்குழுவில் ஒரு சகோதரியின் மருத்துவ அறிக்கையை, அவருடைய பெயரும் வயதும் தெரியும்படி, படமெடுத்துப் போட்டிருந்தார்கள். நல்லெண்ணத்துடன்தான். அன்று மாலைக்குள் அது மூன்று சபைகளின் குழுக்களுக்குப் போய்விட்டது. அவருடைய மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சாவியும் எந்தப் பெட்டியும் இதைத் தடுக்காது, ஏனெனில் பெட்டியைத் திறந்து வெளியே வைத்தவர்கள் சாவி உள்ளவர்களே. அரட்டையா வாட்ஸ்அப்பா என்று வாதாடும் வாலிபர்களிடம் இதைக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தார்கள்.

இன்னொன்றையும் அவர்களிடம் கேட்டேன். பி.எஸ்.என்.எல். போனிலிருந்து ஏர்டெல் போனுக்குப் பேசுகிறோமே, ஒரு வங்கியிலிருந்து மற்ற வங்கிக்கு யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்புகிறோமே, செய்திச் செயலிகள் மட்டும் ஏன் ஒன்றோடொன்று பேசுவதில்லை? பேசினால் மேற்சொன்ன குடும்பத்தில் அந்தப் பிரிவே நேர்ந்திராது. ஆளுக்கொரு செயலியில் இருந்துகொண்டே ஒரே குழுவில் இருக்கலாம். இது வெறும் கற்பனையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 மார்ச் முதல் பெரிய செயலிகள் கேட்பவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்கிறது. அரட்டையும் யு.பி.ஐ. போலப் பொது முறைமைக்கு வர வேண்டும் என்று ஸ்ரீதர் வேம்பு 2025இல் எழுதினார். சிறியவன் கதவைத் திறக்கச் சொல்வதும் பெரியவன் பூட்டி வைப்பதும் வியாபாரத்தில் வழக்கமே. சிறியவன் பெரியவனான பின்பும் அதையே சொல்கிறானா என்று பார்க்க வேண்டும்.

கேட்ட கருத்துகளையெல்லாம் எழுதி முடித்து, சென்ற வாரம் ரீசார்ஜ் செய்ய மறுபடியும் அந்தக் கடைக்குச் சென்றேன். அந்தத் தாயாரைப்பற்றி விசாரித்தேன். இப்போது அவர் போனில் இரண்டு செயலிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவாம். ஒன்றில் பேரன், மற்றதில் மகள்கள். காலையில் இரண்டிலும் ஒரே ஸ்தோத்திரத்தைக் குரலில் பதிந்து அனுப்புகிறார். பிறகு இருவருக்கும் போன் செய்து, வந்ததா என்று கேட்கிறார். அதனால்தான் ரீசார்ஜ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று கடைப்பையன் சிரித்தான்.