கண்ணாடி அறையும் சிப்பி ஜன்னலும்

பழைய வீட்டைக் கண்டால் இடிக்கத் துடிப்பவர் ஒரு பக்கம். அதில் ஓர் ஆணி அடித்தாலும் அலறுகிறவர் மறு பக்கம். பணஜியின் ஃபோன்டைன்யாஸ் பகுதியில் குடியிருக்கும் நம் தோழர்கள் இவ்விரு கட்சியாரின் சண்டையையும் கேட்டிருப்பார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டில் இப்போது சண்டை கண்ணாடி அறையைப் பற்றி.

வீட்டுக்கார அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல். உள்ளறைகள் இருட்டு. தெருவைப் பார்த்த மேல்மாடத்தின் ஓட்டைப் பிரித்துவிட்டு, பக்கத்திலும் மேலேயும் கண்ணாடி போட்டு, உட்கார்ந்து படிக்க ஒரு வெயிலறை வேண்டும் என்கிறார். நியாயமான ஆசைதான். ஊரின் பழம்பெருமைக்காக ஒரு மூதாட்டி இருட்டில் இருக்கவேண்டும் என்று சொல்ல எவருக்கு உரிமை? வழிப்போக்கர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்; ஜூன் மாதத்து ஒழுக்கலுக்குச் சட்டி வைப்பவர் வீட்டுக்காரர் அல்லவா?

ஆயினும் கண்ணாடி அறை வேண்டாம் என்கிறேன். அழகைக் காட்டி அல்ல. நான் படிக்கும் பௌதிகத்தைக் காட்டி.

வெயிலறை குளிர்நாட்டுச் சரக்கு. அமெரிக்காவின் நான்டக்கெட்டும் கடலோரத்துப் பழைய ஊர்தான். அங்கே வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற 1955 முதல் ஒரு குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் அந்த ஊர் வடக்கே 41-ஆம் பாகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 25 பாகை உயரமே ஏறும். சாய்ந்து வரும் வெயில் தெற்குக் கண்ணாடி வழியே அறையின் மூலைவரை புகுந்து குளிரைப் போக்கும். பணஜியோ பதினைந்தரைப் பாகை. மே தொடக்கத்திலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கண்ணாடிக் கூரையின் கீழே அறை அடுப்பாகும். கண்ணாடி வீடு சூடாவதற்கு முக்கிய காரணம் உள்ளே காற்று அடைபடுவதே என்று ஆர். டபிள்யூ. வுட் 1909-இல் சோதனை செய்து காட்டினார். பிறகென்ன, குளிர்சாதன இயந்திரம் ஒன்று வந்து தெருச்சுவரில் தொங்கும்!

பழைய கோவாக்காரர் கண்ட வழி வேறு. கழிமுகத்துச் சேற்றில் வாழும் ஒரு தட்டைச் சிப்பியின் ஓட்டைச் சதுரமாக நறுக்கி, மரச்சட்டங்களுக்கிடையே வரிசையாகச் செருகினார்கள். அதன் வழியே எதிர்வீடு தெரியாது. வெளிச்சம் மட்டும் வரும். நேர்க்கதிர் சிதறி, பால்போல் அறையெங்கும் பரவும். படிப்பவர் கண் கூசாது. திறந்தால் காற்றும் உண்டு. இந்தச் சிப்பியை 2001-இல் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆகவே புதிய ஓடு கேட்பது சரியன்று. தத்துவம் இருக்கிறதே! மங்கல் கண்ணாடியைச் சிறு சதுரங்களாக அதே மரச்சட்டத்தில் பொருத்தலாம். மேலே ஓட்டுக்கூரை இருக்கட்டும். இரண்டு மூன்று இடத்தில் கண்ணாடி ஓடு வைத்தால் போதும். விட்டுவந்த ஊரில் எங்கள் அடுக்களைக்கு அதுதான் விளக்கு.

அனுமதி தருகிறவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். 'கூடாது' என்று எழுதி அனுப்புவது எளிது. எது கூடும் என்று ஒரு படம் வரைந்து கொடுத்து, தச்சர் கூலியில் ஒரு பங்கும் ஏற்றுக்கொண்டால் என்ன? சிப்பிக்கும் மரத்துக்கும் ஆகும் வேலை கண்ணாடித் தகட்டைவிடக் கூடுதல். அந்தச் செலவை முழுவதும் வீட்டுக்காரர் தலையில் கட்டினால், அவர் கண்ணாடிக் கடைக்குத்தான் போவார்.

இவற்றையெல்லாம் அம்மையாரிடம் சொன்னேன். "இருட்டில் படிப்பது நீயா, நானா?" என்று கேட்டார். தச்சரை அழைத்துவர எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரை தவணை.