பால் பட்ட சருமம்

பால் துளி பட்ட இடத்தில் தேகம் சிவந்து தடித்து, அரிப்பெடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வந்த சுவடே தெரியாமல் மறைந்துபோகும் குழந்தைகள் நம்மிடையே உண்டு. அதைக் காணும் வீட்டார் காணாக்கடி என்றோ கரப்பான் என்றோ உஷ்ணம் என்றோ பழகிய பெயர் ஒன்றைச் சொல்லி, வேப்பிலை அரைத்துப் பூசி, மந்திரித்துத் திருநீறும் இட்டு, மறுநாள் காலையில் அதே பாலைச் சங்கில் வார்த்துப் புகட்டுவதும் உண்டு. அன்பின் மிகுதியால் செய்கிற காரியமாதலால் எவரையும் நிந்திப்பது என் நோக்கமன்று. ஆனால் அந்தத் தடிப்பு, குழந்தையின் உடல் பாலைப் பகையாகக் கருதத் தொடங்கிவிட்டது என்பதற்குச் சில வேளைகளில் முதல் அடையாளமாக இருப்பதால், அதை அலட்சியம் செய்வது தகாது. அதைக் கண்டு நடுங்கி, மனிதர் நெருங்காத மூலையில் குழந்தையை ஒதுக்கி வைப்பதும் தகாது.

பாலை அமிர்தத்துக்கு ஒப்பாகப் போற்றிவரும் வீடுகளில், பால் ஒரு சிசுவுக்குத் தீங்கு செய்யும் என்ற பேச்சே பாட்டிமாரின் செவியில் அபசாரமாகப் படும். எனினும் விஷயம் தெளிவானது. பசும்பாலிலுள்ள கேசின், பீட்டா லாக்டோகுளோபுலின் முதலான புரதங்களை, கிருமிகளை எதிர்ப்பதற்கென்றே உடலில் அமைந்த சக்தியானது அந்நியப் பகைவராக எண்ணி எதிர்க்கிறது. இத்தகைய மாறுபட்ட எதிர்வினைக்கு 1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே இட்ட பெயர்தான் 'அலர்ஜி'. பாலிலுள்ள சர்க்கரை ஜீரணமாகாமல் வயிறு உப்புவது இதனின்றும் முற்றிலும் வேறான குறை. அது தொல்லை தருமேயன்றி உயிருக்கு ஆபத்து விளைவிப்பதில்லை. நன்றாகக் காய்ச்சிவிட்டால் தோஷம் நீங்கிவிடும் என்று நம்புவோரும், பசும்பால் ஒவ்வாவிட்டால் ஆட்டுப்பாலையோ எருமைப்பாலையோ கொடுத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொல்வோரும் ஓர் உண்மையை அறிய வேண்டும்: கேசின் கொதிநிலையைத் தாங்கும் புரதம், மற்ற இரு பாலிலும் உள்ள புரதங்கள் பசும்பாலின் புரதங்களை மிகவும் ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அவையும் ஒவ்வா.

சரும ஸ்பரிசத்தினாலேயே உயிர் போய்விடுமோ என்ற அச்சம் தாய்மாரை வாட்டுகிறது. பழுதில்லாத சருமத்தில் பால் பட்டால், பட்ட இடத்தில் தடிப்பு எழுந்து அடங்குவதே பெரும்பாலும் நிகழ்வது. உடல் முழுவதையும் தாக்கும் கடும் விளைவு இவ்வழியில் உண்டாவது மிக அரிது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் கை கன்னத்தில் நிற்பதில்லை. கண்ணைக் கசக்கும், வாய்க்குள் போகும். தயிர்சாதம் பிசைந்த கையோடு கொஞ்சும் மாமாவும், பால்காபி குடித்த வாயோடு முத்தமிடும் அத்தையும் கொண்டுவருவது வெறும் ஸ்பரிசமாக முடிந்துவிடுமென்று சொல்ல முடியாது. அரிதானதும் ஒருமுறை நிகழ்ந்தது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மேற்கு லண்டன் பள்ளியொன்றில், ஆஸ்துமாவும் கரப்பானும் பால் ஒவ்வாமையும் கொண்ட 13 வயது மாணவன்மீது, இன்னொரு மாணவன் விளைவறியாமல் எறிந்த பாலாடைக்கட்டித் துண்டு கழுத்தில் பட்டு, சில நிமிஷங்களில் மூச்சு முட்டி, அச்சிறுவன் சில நாட்களுக்குப் பின் மருத்துவமனையில் இறந்தான். தோலில் பட்டதால் மட்டும் மரணம் சம்பவித்த வேறொன்றைத் தாம் அறிந்ததில்லை என்று விசாரணையில் நிபுணர் சாட்சியம் சொன்னதும், பள்ளியிலிருந்த அட்ரினலின் மருந்தூசி காலாவதியாகியிருந்ததும் என் மனத்தில் சேர்ந்தே நிற்கின்றன. முதலாவது நமக்கு ஆறுதல். இரண்டாவது நாம் செய்ய வேண்டிய கடமையைச் சுட்டுவது.

சருமத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அதை நம் வீடுகளுக்கு நேராகவே சொல்லலாம். 2006ஆம் ஆண்டில், ஃபிலாக்ரின் என்ற சருமப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் நேரும் குறை கரப்பானுக்குக் காரணமாவது கண்டறியப்பட்டது. 2008இல் லண்டன் மருத்துவர் கிடியன் லாக், வெடித்துப் பிளந்த தோலின் வழியாக உணவுப் புரதம் உட்புகுந்தால் உடல் அதைப் பகையெனக் கற்றுக்கொள்கிறது என்றும், வாய் வழியாகத் தக்க காலத்தில் சென்றால் நட்பெனக் கொள்கிறது என்றும் ஒரு கருதுகோளை எடுத்துரைத்தார். நிலக்கடலை விஷயத்தில் இதற்குக் கிடைத்த ஆதாரம் வலுவானது. பாலாடையோடு பயத்தமாவைக் குழைத்துக் குழந்தையின் மேனியில் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் தலைமுறைகளாக நம்மிடம் இருக்கிறது. மாசற்ற மேனிக்கு அதனால் கேடில்லை எனலாம், ஆனால் கரப்பான் கண்டு வெடித்த சருமத்தில் பாலாடையையும் தயிரையும் பூசுவது உடனே நிறுத்தத் தக்கதென்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அந்தச் சருமத்துக்கு வேண்டியது மணமற்ற களிம்பும் மருத்துவர் தரும் சிகிச்சையுமே.

எச்சரிக்கை என்ற பெயரால் நேரும் விபரீதமும் சொல்லத்தக்கது. தடிப்பு ஒன்றைக் கண்டதும் தாய்ப்பாலையே நிறுத்திவிடுவோர் இருக்கிறார்கள். ஒவ்வாமையுள்ள குழந்தைகளிலும் பெரும்பாலோர்க்குத் தாய்ப்பால் தொடரத் தக்கதே, தாய் தன் உணவில் பாலை விலக்க வேண்டுமா என்பது மட்டும் மருத்துவர் சொல்லக்கூடியது. இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் உயர்ந்திருப்பது நோய் உண்டென்பதற்குப் பிரமாணமாகாது. உண்டபின் என்ன நேர்ந்தது என்ற வரலாறே முதன்மையானது. பாலை விலக்கும் வீட்டில் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, நெத்திலி முதலியன சுண்ணாம்புச்சத்தின் குறையை ஈடுசெய்ய உதவும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. குழந்தைகளில் பலர் பள்ளிப் பருவத்துக்குள்ளாகவே இந்த ஒவ்வாமையைக் கடந்துவிடுகிறார்கள் என்பதால், சில காலத்துக்கு ஒருமுறை மருத்துவரின் மேற்பார்வையில் சோதித்தறிவதும் அவசியம்.

பொட்டலத்தில் விற்கும் உணவில் பால் சேர்ந்திருந்தால் அதை அச்சிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. தட்டில் அடுக்கி விற்கும் மிட்டாய்க்கும், கோயில் பிரசாதத்துக்கும், பிறந்தநாளில் வகுப்பறையில் பங்கிடும் கேக்குக்கும் அத்தகைய எழுத்து இல்லை. ஆகவே அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் இதை அறிந்திருப்பது இன்றியமையாதது. தடிப்போடு குரல் கம்முதலோ, மூச்சிரைப்போ, வாந்தியோ, சோர்ந்து சரிதலோ சேர்ந்தால், அரிப்புக்குக் கொடுக்கும் செட்ரிசின் மருந்தை நம்பிக் காத்திருக்கலாகாது. தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போடுவதே உயிர் காக்கும் முதற் சிகிச்சை. அந்த மருந்து விலை மலிவானது. ஒவ்வொரு பள்ளிக்கும் அதனைக் காலாவதி பார்த்து வழங்கி, பயன்படுத்தும் முறையையும் ஓர் ஆசிரியருக்கேனும் கற்பிக்கும் பொறுப்பைச் சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து ஏற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.