மலையேறும் மிதிவண்டி

மழை ஓய்ந்து ஐப்பசி பிறந்ததும் ஐரோலியிலும் தாணேயிலும் மிதிவண்டிக் குழுக்கள் சுறுசுறுப்படைகின்றன. விடியுமுன் புறப்பட்டு, போர் காட் மலைச்சாலை வழியே லோனாவ்லா வரை கூட்டமாகச் செல்லும் பயணங்களுக்கு அழைப்பு வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் நடுவயதினரும் பெயர் கொடுக்கலாமா என்று எண்ணுகின்றனர். வீட்டிலோ, "நமக்கு இது தேவைதானா?" என்ற குரல் எழுகிறது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆதலின் இத்திங்கள் இப்பொருளையே எடுத்துக் கொள்கிறோம்.

அந்த மலை நமக்குப் புதியதன்று. சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் நம்மைச் சுமந்து செல்லும் இரயில்கள் பல, கர்ஜத்தில் நின்று, பின்னிருந்து தள்ளும் எஞ்சின்களைச் சேர்த்துக்கொண்டு ஏறுவது அம்மலையில்தான். 1856-ல் வேலை தொடங்கி 1863-ல் திறக்கப்பட்ட அவ்விருப்புப்பாதை, மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடிக்கு ஓரடி உயர்கிறது. இரும்பு எஞ்சினுக்கே துணை வேண்டிய மலையை இரண்டு கால்களை நம்பி ஏறப் புகுமுன் கணக்குப் பார்ப்பது கோழைத்தனம் ஆகாது.

கணக்கு இதுதான். ஐரோலியிலிருந்து லோனாவ்லா ஏறத்தாழ 80 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் மிதிவண்டிக்கு இடமில்லை. பழைய நெடுஞ்சாலையே வழி. பன்வெல் கடந்து கோபோலி வரை பெரிய ஏற்றம் இல்லை. கோபோலி கடல் மட்டத்திற்கு மேல் 100 மீட்டரும் இல்லாத ஊர். லோனாவ்லாவோ 600 மீட்டருக்கும் மேலே நிற்கிறது. ஆகவே 500 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம், பயணத்தின் கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கால்கள் களைத்த பின்னரே மலை தொடங்குகிறது என்பதை மறக்கலாகாது.

ஆளும் வண்டியுமாக 80 கிலோ எனக் கொள்வோம். அச்சுமையை 500 மீட்டர் உயர்த்த உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 400 கிலோ கலோரி. ஏழெட்டு இட்லி தருவது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆம், இவ்வளவுதான். மலை மனிதனை வெல்வது உயரத்தால் அன்று, அவனுடைய அவசரத்தால். மெல்ல ஏறுவோனுக்கு அவ்வாற்றல் ஒன்றரை மணி நேரத்தில் சிறுகச் சிறுகச் செலவாகிறது. பிறரைத் துரத்தி அதில் பாதி நேரத்தில் ஏற முயல்வோனுக்கோ அது மூச்சையும் நெஞ்சையும் உலுக்கிவிடுகிறது.

கூட்டத்தோடு செல்வதில் ஒரு நுட்பம் உண்டு. சமதளத்தில் முன்செல்வோன் காற்றை எதிர்கொள்ள, அவனையொட்டிப் பின்செல்வோனுக்கு உழைப்புக் குறைகிறது. ஏற்றத்தில் வேகம் தணிவதால் அந்த உதவி ஏறக்குறைய மறைந்துவிடும். அவரவர் எடையை அவரவரே சுமக்க வேண்டும். எனவே பெயர் கொடுக்குமுன் கேட்க வேண்டுவது, "எத்தனை பேர் வருகிறார்கள்?" என்பதன்று. "கடைசியாக வருபவருக்காகக் காத்திருப்பவர் யார்?" என்பதே. இதற்குத் தெளிவான விடை தராத குழுவில் சேராதிருப்பதே நன்று. துணைவண்டி உண்டா, முதலுதவிக்கு ஆள் உண்டா என்பவை அடுத்த வினாக்கள்.

பயணத்தின் வகையையும் அறிதல் வேண்டும். மும்பை–புனே மிதிவண்டிப் பந்தயத்தில் இம்மலையில் முந்துபவரை மராத்தியில் 'காட்டாச்சா ராஜா', அதாவது மலைச்சாலையின் அரசன் என்று கொண்டாடுவர். அது பயின்ற வீரர்களின் களம். 'பிரெவே' எனப்படும் நெடும்பயணத்தில் போட்டி இல்லை. ஆனால் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துள் முடித்தாக வேண்டும். புதியவருக்கு உரியது இவ்விரண்டும் அல்லாத, காலக்கெடு இல்லாத உலாவே.

ஐரோலி கழிமுகத்தை ஒட்டிய சமதளம். இங்கே எத்தனை நாள் ஓட்டினாலும் மலைப் பழக்கம் வாராது. பேலாப்பூர்ப் பக்கம் பார்சிக் குன்றுச் சாலையில் சில வாரம் ஏறிப் பாருங்கள். ஏறும்போதே அருகிலிருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் உங்கள் வேகம் சரியானது. முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது.

ஏற்றத்தைப் பற்றி அஞ்சுவோர் பலர். இறக்கத்தைப் பற்றி எண்ணுவோர் சிலரே. உண்மையில் உயிருக்கு இடர் இறக்கத்தில்தான். பிரேக்கை விடாது பிடித்தபடி நெடுந்தொலைவு இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிப்பதும் உண்டு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து, லாரிகளுக்கு வழிவிட்டு இறங்க வேண்டும். தலைக்கவசம் இன்றிப் புறப்படுதல் கூடாது. மழைக்காலத்தில் மூடுபனியும் வழுக்கலும் மண்சரிவும் உள்ள அச்சாலையைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

வீட்டாரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் கை ஒடிந்தால், அந்த வலி திருநெல்வேலி வரை எட்டும். ஆனால் அசையாது அமர்ந்து உடலைக் கெடுத்துக்கொள்வதும் அதே குடும்பத்தைத்தான் வருத்தும். ஆதலால் மறுப்பதற்குப் பதிலாக, மேற்சொன்ன வினாக்களைக் கேளுங்கள். மகன் கேட்டாலும் மகள் கேட்டாலும் வினாக்கள் ஒன்றே. விடைகள் நிறைவளித்தால் மனமுவந்து அனுப்புங்கள். குறை இருந்தால் அடுத்த ஆண்டு வரை பயிலட்டும். மலை எங்கும் போய்விடாது.

செல்வோருக்கு ஒரு சொல். பாதி வழியில் மூச்சு முட்டினால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடங்கள், திரும்பவும் தயங்காதீர்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை. மாலையில் நலமாக வீடு வந்து சேர்வதே பயணத்தின் நிறைவு.