‘50க்கு மேல்’ என்ற ஒரே மூட்டை

கிழக்கு லண்டனில் உள்ள ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் கிறைஸ்ட் சர்ச்சின் நிலவறையை 1984இல் திறந்தார்கள். 1729இல் கட்டி முடித்த தேவாலயம் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதன் அடியில் அடக்கம் நடந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வேலையில் ஏறத்தாழ ஆயிரம் பேரின் எச்சங்கள் வெளியே வந்தன. பெரியம்மைக் கிருமி இன்னும் பிழைத்திருக்குமோ என்ற பயம் வேறு. அங்கே கிடந்தவர்களில் பலர், மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து வந்த ஹியூகனாட் குடும்பங்களின் வழிவந்தவர்கள். பட்டுத் தொழிலில் காசு பார்த்தவர்கள். வசதி இருந்ததால் சவப்பெட்டியில் உலோகத் தகடு பதித்து, பெயர், இறந்த தேதி, வயது மூன்றையும் பொறித்திருந்தார்கள். அப்படி அடையாளம் தெரிந்தவர்கள் நானூறுக்குக் கொஞ்சம் குறைவு.

எலும்பைப் பார்த்து வயது சொல்லும் துறைக்கு இப்படி ஒரு பரீட்சை அதுவரை வாய்த்ததில்லை. தகட்டில் உள்ளது தெரியாமல் எலும்பை மட்டும் வைத்து வயது கணித்தார்கள். பிறகு தகட்டோடு ஒத்துப் பார்த்தார்கள். தியா மோலிசனும் மார்கரெட் காக்ஸும் 1993இல் வெளியிட்ட முடிவு துறையையே கூச வைத்தது. ஐந்து வருடம் முன்பின்னாகச் சரியாக அமைந்த கணிப்புகள் முப்பது சதவீதம்கூட இல்லை. அதைவிட முக்கியம், தவறு போன திசை. நாற்பதுக்குள் இறந்தவர்களுக்கு வயது கூடிப்போயிருந்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்துபோயிருந்தது. எல்லாரையும் நடுவயதை நோக்கி ஏதோ ஒன்று இழுத்திருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. பல் முளைப்பதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. உடல் அதை ஓரளவு ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறது. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயது நிறையாத பிள்ளைகளை ஜவுளி ஆலைகளில் சேர்க்கக் கூடாது என்றது. வயதுக்கு அத்தாட்சி எங்கே? எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்து, உயரத்தைவிடப் பல்லே நம்பகமான சாட்சி என்று 1837இல் எழுதினார். அரசின் பிறப்புப் பதிவு அங்கே தொடங்கியதும் அதே ஆண்டுதான். (பட்டாலைகளுக்கு மட்டும் அந்த ஒன்பது வயது விதியிலிருந்து விலக்கு. பட்டு முதலாளிகளின் கை அங்கேயும் நீண்டிருக்கிறது.)

இருபது, முப்பது வயதுக்குள் காறை எலும்பின் உள்முனையும் ஒட்டிவிட்டால் வளர்ச்சியின் கதை முடிந்தது. அதன் பிறகு எலும்பில் படிக்கக் கிடைப்பது தேய்மானம் மட்டுமே. இடுப்பெலும்பின் இரு பாதிகளும் முன்புறம் சந்திக்கும் முகப்பைப் பாருங்கள். இளவயதில் அது புதிதாக உழுத வயல்போல வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். வயது ஏற ஏற வரிகள் மழுங்கும், முகம் சமனாகும், சுற்றிலும் ஒரு விளிம்பு கட்டும். பிறகு அந்த விளிம்பும் சிதைந்து முகத்தில் குழிகள் விழும். இதைப் பத்துப் படிகளாக 1920இல் வகுத்தவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பணியாற்றிய உடற்கூற்றியலாளர் விங்கேட் டாட். அவருடைய பத்தாவது படியின் பெயர் ‘50க்கு மேல்’. ஐம்பத்திரண்டில் செத்தவரும் எண்பத்தெட்டில் செத்தவரும் ஒரே மூட்டைக்குள்.

டாட் வகுத்த அளவுகோல் எதிலிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கேட்பாரற்று மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் இறந்த ஏழைகளின் உடல்கள் சட்டப்படி உடற்கூற்றுக் கூடத்துக்கு வந்தன. அப்படிச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் இன்றும் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உறவினர் இல்லாதவரின் வயதை யார் சொல்வது? பலருக்குப் பதிவேட்டில் எழுதியது மதிப்பு வயதுதான். ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகள் அதில் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கின்றன. கைவேலையில் தேய்ந்த அந்த உடல்களைக் கொண்டு செய்த கோலால்தான் ஊர் உலகத்துப் புதைகுழிகளையெல்லாம் அளந்தார்கள்.

இதன் விளைவை 1982இல் போட்டு உடைத்தவர்கள் பிரான்ஸின் ஆய்வாளர்கள் போக்கே-அப்பெலும் மாசேயும். எலும்பின் அடையாளத்துக்கும் வயதுக்கும் உள்ள பிணைப்பு தளர்வாக இருந்தால், கணிப்பு அளவுகோலாக வைத்த கூட்டத்தின் வயது அமைப்பையே திருப்பிக் காட்டும் என்றார்கள். பழங்கால மக்கள்தொகை ஆய்வுக்கே விடை கொடுத்துவிடலாம் என்ற தொனியில் கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தார்கள். பதிலுக்குப் பலர் சீறினார்கள். சண்டை சும்மா போகவில்லை. ஜெர்மனியின் ராஸ்டாக்கில் கூடிப் பேசியவர்களின் முயற்சி 2002இல் நூலாக வந்தது. முதலில் ஆய்வுக்கு வந்த கூட்டத்தின் மரண வயதுப் பரவலைக் கணக்கிடு, தனி ஒருவரின் வயதைப் பிறகு சொல் என்று வரிசையை மாற்றினார்கள். விடை இப்போது ஒற்றை எண்ணாக வருவதில்லை. அகலமான இடைவெளியாக வருகிறது.

அதற்குள் ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றிவிட்டது: பண்டைய மனிதன் நாற்பதில் செத்தான், கிழவன் கிழவி என்போர் அந்தக் காலத்தில் அபூர்வம். குழந்தைச் சாவு சராசரி ஆயுளைக் கீழே இழுத்தது உண்மை. ஆனால் ஐந்து வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் பேரன் பேத்தி எடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கான சாட்சிகளைத்தான் அந்தப் பத்தாவது படி விழுங்கியது. நம்மூர்த் திண்ணையில் கேட்கும் ‘அந்தக் காலத்து ஆளு நூறு வயசு இருந்தான்’ என்பதும் ஆதாரமில்லாத பேச்சுதான். என்றாலும் நாற்பதில் எல்லாரும் போனார்கள் என்பது அறிவியலின் குரலில் சொல்லப்பட்டதால் கேள்வி கேட்பாரில்லாமல் பாடப் புத்தகம்வரை ஏறிவிட்டது.

எலும்பை வைத்து வயது சொல்லும் விஷயத்தில் நம் நீதிமன்றங்கள் பத்திரிகைகளைவிட எச்சரிக்கையானவை. அதே 1982இல் ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், எக்ஸ்ரே வழி கணிக்கும் வயது இரண்டு பக்கமும் இரண்டு ஆண்டு பிசகலாம் என்றது. 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு முதலில் பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறது. அது இல்லையென்றால் நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. உயிரோடு இருக்கும் இளைஞருக்கே இத்தனை தயக்கம். முதுமக்கள் தாழியில் கிடைக்கும் நொறுங்கிய இடுப்பெலும்புக்கு அந்த முதல் இரண்டு சான்றும் கிடையாது. ஆய்வறிக்கை ‘30க்கும் 50க்கும் இடையே’ என்று சொன்னால் செய்தியிலும் அப்படியே போடலாம். அதை ‘40 வயதுப் பெண்’ ஆக்குவது தலைப்புக்கு வசதி, அவ்வளவுதான்.