சிரிச்சாச்சு... ஆனா எந்த கம்பெனி விளம்பரம்? - கார்ட்டூன் கேரக்டர்கள் ஜெயிப்பதும் சறுக்குவதும் எதனால்?

டிவியில் 30 விநாடி விளம்பரம். குட்டி கேரக்டர் ஒன்று வந்து ஏதோ கோமாளித்தனம் செய்கிறது. வீடே சிரிக்கிறது. மறுநாள் டீக்கடையில், "அந்த விளம்பரம் பார்த்தியா, செம காமெடிப்பா" என்று பேச்சு ஓடுகிறது. "எந்த கம்பெனியோடது?" என்று கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் தெரியாது.

சிரிப்பு மிஞ்சுகிறது, பொருள் மறந்துவிடுகிறது. அனிமேஷன் விளம்பரங்களின் பழைய நோய் இது. இதற்கு மருந்து கம்ப்யூட்டரில் இல்லை, கதை யோசிக்கிற மேஜையில்தான் இருக்கிறது.

ஜூஜூ சொல்லும் பாடம் என்ன?

2009 ஐபிஎல் சீசனில் வோடஃபோன் இறக்கிய வெள்ளை நிற ஜூஜூக்களை மறந்திருக்க முடியாது. ஏறத்தாழ 30 விளம்பரங்கள். பலரும் அதை அனிமேஷன் என்றே நம்பினார்கள். உண்மையில் அது அனிமேஷனே இல்லை. ஓகில்வி நிறுவனம் யோசித்து, பிரகாஷ் வர்மா இயக்கி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் எடுக்கப்பட்டவை. பஞ்சு அடைத்த உடைக்குள் ஒல்லியான நடிகர்கள் இருந்தார்கள். ஆள் சின்னதாகத் தெரிய செட்டைப் பெரிதாகப் போட்டார்கள். விநாடிக்கு 20 ஃப்ரேம் என்ற குறைந்த வேகத்தில் படம் பிடித்து, வழக்கமான வேகத்தில் ஓட்டினார்கள். அதனால்தான் நடையில் அந்தக் கார்ட்டூன் துள்ளல் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது தந்திரத்தை அல்ல. ஒவ்வொரு விளம்பரமும் ஒரே ஒரு சேவையை மட்டும் சொன்னது. கிரிக்கெட் தகவல் என்றால் அது மட்டும், போன் பேக்கப் என்றால் அது மட்டும். சிரிப்பு எங்கே வெடிக்கிறதோ, அங்கேயே அந்தச் சேவையின் தேவையும் புரிந்துவிடும். ஜூஜூக்கள் பேசியதோ யாருக்கும் புரியாத உளறல். அதனால் தமிழா, இந்தியா என்ற கேள்வியே எழவில்லை. எல்லா ஊரிலும் ஒரே சிரிப்பு.

நன்றாகச் செய்தும் சறுக்குமா?

சறுக்கும். பிரிட்டனின் ஆர்ட்மேன் ஸ்டுடியோவில் நிக் பார்க் 1989-ல் எடுத்த 'கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்' ஆஸ்கர் வாங்கிய களிமண் அனிமேஷன் குறும்படம். சாதாரண மக்களைப் பேட்டி எடுத்து, அந்தக் குரல்களை அப்படியே மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் வைத்தார். திக்கல், தயக்கம், "அது வந்து..." என்ற இழுவை எல்லாமே நிஜம். அதே பாணியில் 1990-களின் தொடக்கத்தில் 'ஹீட் எலெக்ட்ரிக்' என்ற மின்சார ஹீட்டர் விளம்பரங்கள் வந்தன. அதில் பேசிய ஆமை நாடு முழுக்கப் பிரபலமானது.

ஆனால், பலர் அதை கேஸ் விளம்பரம் என்றே நினைவில் வைத்திருந்தார்கள் என்பது விளம்பர உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1980-களின் இறுதியில், டியூராசெல் பேட்டரியின் முயலைக் கிண்டலடித்து எனர்ஜைசர் ஒரு முயலை இறக்கியது. கொஞ்ச காலம், அதுவும் டியூராசெல் விளம்பரம்தான் என்று நினைத்தவர்கள் நிறைய.

உழைப்பு எங்கே போகிறது?

நம் டிவியில் விநாடிக்கு 25 ஃப்ரேம். 30 விநாடிக்கு 750. ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வரைந்தாலும் 375 படம் வேண்டும். ஆனால் காமெடி, படங்களின் எண்ணிக்கையில் இல்லை. சுவரில் முட்டிக்கொண்ட கேரக்டர் உடனே விழுந்தால் அது விபத்து. அரை விநாடி அப்படியே நின்று, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுந்தால் சிரிப்பு. அந்த 12 ஃப்ரேமை எங்கே நிறுத்துவது என்பது மனிதர்களை உற்றுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இன்று ஏஐ கருவிகள் சில நிமிடங்களில் பேசும் பூனையை உருவாக்கித் தருகின்றன. "மூணு நாள்ல முடிச்சுக் கொடுங்க" என்று கேட்க இது நல்ல சாக்காகிவிட்டது. மிச்சமாகும் நேரத்தைக் கதை யோசிக்கவும், ஸ்டோரிபோர்டைத் திரும்பத் திரும்பத் திருத்தவும் கொடுத்தால் லாபம். அதையும் சேர்த்து வெட்டினால், வழவழப்பான பூனை கிடைக்கும், சிரிப்பு கிடைக்காது.

விளம்பரம் கொடுப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். கதையில் தங்கள் பெயரை எடுத்துவிட்டு, போட்டி கம்பெனியின் பெயரைப் போட்டுப் பார்க்கட்டும். அப்போதும் ஜோக் அச்சு அசலாகப் பொருந்தினால், அது அவர்களுக்கான விளம்பரம் இல்லை. வரைய ஆரம்பிக்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.