கடைசி பெஞ்சில் ஏன் மௌனம்?

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தஞ்சையிலும் குடந்தையிலும் பி.ஏ. ஆங்கிலம் சேரும் நம் பிள்ளைகள் பலர் முதல் மாதத்திலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் படிப்பையே விட்டுவிடலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். 'இவங்களுக்கு இங்கிலீஷ் வராது' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை.

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கியது. அக்ரகாரமும் பண்ணையார் வீடுகளும் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலம் படித்தபோது, நம் பாட்டிமார் அவர்கள் வயலில் நாற்று நட்டார்கள். அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த மண்ணின் பேத்திகள் இன்று ஷேக்ஸ்பியர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்துக்கு இந்த வரலாறுதான் காரணம்.

பாடத்தை முதலில் தமிழில் விளக்குங்கள், தமிழில் சந்தேகம் கேட்க விடுங்கள் என்று ஆங்கிலத் துறைகளைக் கேட்கிறோம். சீனியர் தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. விடுதியில் மாலை ஒரு மணி நேரம் ஜூனியர்களோடு உட்கார்ந்து வாய்விட்டு வாசியுங்கள். தப்பாக உச்சரித்தால் சிரிக்காதீர்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கூட இருந்து உதவுங்கள்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் தமிழில் வந்தது. இன்று அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு பல கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் பாடம். நம் வாழ்க்கையே பாடமாகிவிட்ட வகுப்பில் நம் பிள்ளை பேசப் பயப்படக் கூடாது. அதற்கு நாம்தான் துணை நிற்க வேண்டும்.