எவ்வழிச் செல்வோம்?

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்த நெறியைப் புகார் முதல் மதுரை வரை கண்டுவர வேண்டுமென்று எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் இவ்வாண்டு எண்ணினோம். எண்ணிய நாள் தொட்டு வழக்கு ஓயவில்லை. ஊர்தி யாது, வழி யாது, செலவு யாது என்பனவே வழக்கு.

பெரும்பான்மையோர் வேண்டியது வேன். இரவெல்லாம் ஓடி விடியலிற் புகார். மறுநாள் இரவே மதுரை. வேன்காரர்க்குக் கிலோமீட்டர்க் கணக்கு. அதன்மேல் ஓட்டுநர் படி, சுங்கம், வெறும் வண்டி திரும்புதற்கும் வாடகை. இவற்றைத் தலைக்கு வகுத்த மாலையே இரு தோழர் 'வீட்டில் அலுவல்' என்று தம் பெயரை அடித்துவிட்டனர். தலை குறையவே எஞ்சியோர் பங்கு ஏறிற்று. அவ்வலுவல் யாதென்பதை அறியாதார் வகுப்பில் இல்லை. ஆயினும் ஒருவரும் வாய் திறந்திலர். யாமுந்தான்.

இவ்வாராய்ச்சி புதியதன்று. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு வழியுரைக்குமிடத்து, கொடும்பாளூர்க் குளக்கரையில் நெறி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பால் சிறுமலை, இடப்பால் திருமால்குன்றம், இரண்டிற்கும் நடுவே ஒரு வழி. ஒவ்வொன்றின் நலமும் இடரும் அவன் வாயால் வெளிப்படுகின்றன. இடப்பால் நெறியின் அற்புதங்களைக் கேட்டும் அடிகள் மயங்கவில்லை. மூவரும் நடுவழியே செல்கின்றனர்.

வியப்பென்னவெனில், அம்மூன்றும் இன்றும் உள்ளன எனலாம். புகைவண்டி (புகை போயிற்று, பெயர் போகவில்லை) மணப்பாறை, திண்டுக்கல் வழியே சிறுமலையை அடுத்துச் செல்கிறது. நாற்கரச் சாலை துவரங்குறிச்சி, மேலூர் வழியே அழகர்மலைக்குக் கிழக்கே ஓடுகிறது. அழகர்மலையே திருமால்குன்றம் என்பர். துவரங்குறிச்சியிற் பிரிந்து நத்தம் வழியாக வரும் சாலையோ இரு மலைக்கும் இடைப்பட்டது. மதுரை நகருள் அது 2023-ல் திறக்கப்பட்ட 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தின்மீது ஏறி வருகிறது.

எம் கருத்து இதுவே. காவிரிக்கரைப் பகுதிக்கு வேன் வேண்டா. புகாரிலிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்தும், ஆங்கிருந்து கும்பகோணம், தஞ்சை வழியே திருச்சிராப்பள்ளிக்கு முன்பதிவில்லாப் புகைவண்டியும் போதும். நாளொன்றுக்கு ஒரு காதமே கடந்த மூவரைத் தேடிச் செல்வார்க்கு நிலையந்தோறும் நிற்கும் வண்டி இழுக்கன்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து மட்டும், ஏறத்தாழ 135 கிலோமீட்டருக்கு, ஒரு பகற்பொழுது வேன் அமர்த்துக. மூவர்கோயில் நிற்கும் கொடும்பாளூரைப் புகைவண்டியிலிருந்து காண இயலாது. நத்தம் வழியும் அவ்வாறே.

'அவர்களும் இரவில் நடந்தனரே' என்று ஒரு தோழர் மடக்கினார். நடந்தனர், பகல் வெயிலைக் கண்ணகியின் அடிகள் தாங்காமையால், நிலவொளியில் நடந்தனர். கூட்டத்தில் மெலிந்தவர் பொருட்டு அமைந்த இரவு அது. நாம் வேண்டும் இரவோ ஒருநாள் விடுதிச் செலவை மிச்சப்படுத்த ஓட்டுநரின் உறக்கத்தைக் கவர்வது.

புதிய கணக்கில் தலைக்கு விழும் தொகை முன்னையதிற் பாதியும் இல்லை. தாளை மீண்டும் வகுப்பிற் சுற்றவிட்டிருக்கிறோம். அடிக்கப்பட்ட இரு பெயர்களின்கீழ் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டுள்ளோம்.